சொன்னால்தான் சொந்தம்

காமர்ஸ் படிக்கும் யாரைக் கேட்டாலும் லூகா பாசியோலி என்ற பெயர் தெரிந்திருக்கும். "கணக்கியலின் தந்தை" என்று அக்கவுண்டன்சி புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுவார். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற ஆள். பெயரை எழுதி, 1494 என்று ஆண்டையும் எழுதிவிட்டால் மதிப்பெண் நிச்சயம். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. இரட்டைப் பதிவு முறையைப் பாசியோலி கண்டுபிடிக்கவே இல்லை! அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இத்தாலிய வியாபாரிகள் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். வெனிஸ் வியாபாரிகள் கணக்கு எழுதும் முறையைக் கவனித்து, எந்தப் புத்தகத்தில் முதலில் எழுத வேண்டும், அதிலிருந்து பேரேட்டுக்கு எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்று படிப்படியாக விளக்கி, தன்னுடைய பெரிய கணிதப் புத்தகத்தில் ஒரு பகுதியாகச் சேர்த்து வெனிஸில் அச்சிட்டார். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? அந்த முறையைக் கண்டுபிடித்த வியாபாரியின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அதை ஊருக்குச் சொன்ன துறவியின் பெயர் 500 ஆண்டுகள் கழித்தும் பரீட்சையில் வருகிறது. இது அநியாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் நியாயம் என்றே தோன்றும். 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அறிவியல் திடீரென்று வேகம் பிடித்ததற்குக் காரணம் கேட்டால் கலீலியோ, நியூட்டன் என்று மேதைகளின் பட்டியலைத்தான் சொல்வார்கள். மேதைகள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அந்த 200 ஆண்டுகளில் புதிதாக நடந்தது வேறு. தெரிந்ததை மறைத்தால் லாபம் என்ற நிலை மாறி, தெரிந்ததைச் சொன்னால் லாபம் என்ற நிலை மெல்ல உருவானது.

வாயைத் திறந்தால் வேலை போகும்

அதே பாசியோலி புத்தகத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பொதுவான விதி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தார். சில ஆண்டுகளிலேயே விதி கிடைத்துவிட்டது. போலோன்யா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஷிப்பியோனே டெல் ஃபெர்ரோ, முப்படிச் சமன்பாட்டின் ஒரு முக்கியமான வகைக்குத் தீர்வு கண்டார். கண்டுபிடித்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழ்தி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

அவரைக் கஞ்சன் என்று திட்டுவதற்கு முன் அவருடைய நிலைமையைப் பார்க்க வேண்டும். அன்றைய இத்தாலியில் கணித ஆசிரியர் வேலை நிரந்தரமானது கிடையாது. யார் வேண்டுமானாலும் பொதுச் சவால் விடலாம். "நீ எனக்கு 30 கணக்கு கொடு, நான் உனக்கு 30 கணக்கு கொடுக்கிறேன், பார்த்துவிடலாம்" என்பது மாதிரி. தோற்றவருக்கு மாணவர்களும் போய்விடுவார்கள், பெயரும் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சூத்திரம் கையில் இருப்பது பெட்டிக்குள் பணம் இருப்பது போல. அதை வெளியே சொல்வது பெட்டியைத் திறந்து தெருவில் கொட்டுவதற்குச் சமம்.

டெல் ஃபெர்ரோ 1526-ல் இறப்பதற்கு முன் ஃபியோர் என்ற மாணவரிடம் ரகசியத்தைச் சொன்னார். அவருடைய நோட்டுப் புத்தகம் மருமகனிடம் போனது. ஃபியோர் பெரிய கணித மேதை ஒன்றும் இல்லை. ஆனால் கையில் ஆயுதம் இருந்ததே! 1535-ல் வெனிஸில் இருந்த தார்தாலியா என்ற ஆசிரியரைச் சவாலுக்கு அழைத்தார். 30 கணக்குகளும் அதே ஒரே வகை. தார்தாலியா பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இரவு மண்டையை உடைத்துக்கொண்டு விதியைத் தானே கண்டுபிடித்தார், போட்டியில் ஜெயித்தார். ஜெயித்தவராவது சொன்னாரா? அவரும் மூடி வைத்துக்கொண்டார்.

1539-ல் மிலான் நகரத்து மருத்துவர் கார்டானோ, தார்தாலியாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்து விதியை வாங்கினார். தார்தாலியா அதைக் கொடுத்ததும் செய்யுள் வடிவில்தான். பிறகு 1543-ல் கார்டானோவும் அவருடைய மாணவர் ஃபெராரியும் போலோன்யா போய், டெல் ஃபெர்ரோவின் பழைய நோட்டைப் பார்த்தார்கள். தார்தாலியாவுக்கு முன்பே இது இன்னொருவருக்குத் தெரியும் என்றால் சத்தியம் எதற்கு என்று முடிவு செய்து, 1545-ல் கார்டானோ புத்தகமாகப் போட்டுவிட்டார். டெல் ஃபெர்ரோ, தார்தாலியா இருவர் பெயரையும் அதில் குறிப்பிட்டும் இருந்தார். தார்தாலியாவுக்குக் கோபம் அடங்கவே இல்லை. அடுத்த ஆண்டே தன் தரப்பை விளக்கிப் புத்தகம் போட்டார். 1548-ல் மிலானில் ஃபெராரியோடு பொது விவாதத்தில் மோதி, பாதியிலேயே ஊரைவிட்டுக் கிளம்பினார்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இன்றுவரை பேசுகிறார்கள். சத்தியத்தை மீறியது தப்புதான். ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். விதி ரகசியமாக இருந்தவரை அதை வைத்து என்ன நடந்தது? ஒரு பந்தயம், ஒரு வெற்றி. அச்சில் வந்தபோது என்ன நடந்தது? அதே புத்தகத்தில் ஃபெராரி கண்ட நாற்படிச் சமன்பாட்டுத் தீர்வும் சேர்ந்து வந்தது. அந்த விதியில் வந்து விழுந்த எதிர்மறை எண்களின் வர்க்கமூலங்கள் அடுத்த தலைமுறைக் கணித அறிஞர்களைத் தூங்கவிடவில்லை. கலப்பெண்களின் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பெட்டிக்குள் இருந்த பணம் வெளியே வந்து முதலீடாக மாறியது என்று காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லலாம்.

புதிர் போட்ட மேதைகள்

சொல்லிவிட்டால் எவனாவது தன்னுடையது என்று சொல்லிக்கொள்வான். சொல்லாமல் இருந்தால் இன்னொருவன் கண்டுபிடித்துப் பெயர் வாங்கிவிடுவான். இந்த இருதலைக்கொள்ளி நிலைமைக்கு அந்தக் காலத்து மேதைகள் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. கண்டுபிடிப்பை ஒரு வாக்கியமாக எழுதி, எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக அனுப்பிவிடுவார்கள். பின்னால் யாராவது உரிமை கொண்டாடினால் புதிரை அவிழ்த்துக் காட்டி, "பார், அப்போதே சொல்லிவிட்டேன்" என்று நிரூபிக்கலாம்.

1610-ல் கலீலியோ தொலைநோக்கியில் சனிக் கோளைப் பார்த்தார். அதன் இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ தெரிந்தது. மூன்று கோளங்கள் சேர்ந்திருப்பதாக நினைத்து, அந்தச் செய்தியைக் கலைத்த எழுத்துகளாகப் பிராக் நகருக்கு அனுப்பினார். அங்கே இருந்த கெப்ளர் அதோடு மல்லாடி, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று தப்பாக அவிழ்த்தார். (செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள்தான் என்பது 1877-ல் தெரிந்தது. தப்பான விடை சரியாகப் போன அதிசயம் அது!) பிறகு 1656-ல் ஹைகென்ஸ் சனியைச் சுற்றி வளையம் இருக்கிறது என்பதை இதே மாதிரி புதிராகப் போட்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் விளக்கினார். ராபர்ட் ஹூக் தன்னுடைய சுருள்வில் விதியை 1676-ல் புதிராக வெளியிட்டு 1678-ல் அவிழ்த்தார். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் வரும் அதே ஹூக் விதிதான்.

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு நஷ்டக் கணக்கு இருக்கிறது. சனியின் வளையம் மூன்று ஆண்டுகள், சுருள்வில் விதி இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. அந்த நேரத்தில் அதை வைத்து வேறு யாரும் அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை.

இயந்திரம் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெனிஸ் அரசு 1474-லேயே சட்டம் போட்டிருந்தது. புதிய சாதனம் செய்தவர் அரசிடம் தெரிவித்தால் 10 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்யக்கூடாது. ஆனால் சனியின் வளையத்துக்கு யார் காப்புரிமை தருவார்கள்? சமன்பாட்டுக்கு எங்கே போய்ப் பதிவு செய்வது? சாதனத்தை விற்றால் காசு வரும். கருத்தை விற்க முடியாது. கருத்துக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கூலி, "இதை முதலில் சொன்னவர் இவர்" என்ற பெயர் மட்டுமே. அந்தக் கூலியைச் சரியாகக் கொடுக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது.

தபால்காரர்களாக மாறியவர்கள்

ஏற்பாட்டின் முதல் வடிவம் கடிதம். பாரிஸில் மெர்சென் என்று ஒரு துறவி இருந்தார். கலீலியோ, டெகார்ட், ஃபெர்மா என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகளுக்கெல்லாம் கடிதம் எழுதுவார். ஒருவர் எழுதியதை இன்னொருவருக்குச் சொல்வார். "அவர் இப்படிச் சொல்கிறாரே, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுத் தூண்டிவிடுவார். பத்திரிகை இல்லாத காலத்தில் அந்த மனிதரே ஒரு பத்திரிகை.

1644-ல் இத்தாலியில் டாரிசெல்லி ஒரு சோதனையைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஒரு பக்கம் மூடிய நீளமான கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் உள்ள பாத்திரத்தில் தலைகீழாகக் கவிழ்த்தால், பாதரசம் கொஞ்சம் இறங்கி நின்றுவிடுகிறது. மேலே வெற்றிடம். பாதரசத்தைத் தாங்கிப் பிடிப்பது வெளியே இருக்கும் காற்றின் எடை. செய்தி மெர்சென் காதுக்கு எட்டியது. அந்த ஆண்டின் இறுதியில் அவரே இத்தாலி போய் விவரம் தெரிந்துகொண்டு வந்தார்.

பாரிஸ் திரும்பியதும் தானும் செய்து பார்க்க ஆசைப்பட்டார். முடியவில்லை! ஏன்? பாதரசத்தின் கனத்தைத் தாங்கும் நல்ல கண்ணாடிக் குழாய் கிடைக்கவில்லை. எல்லா விவரமும் தெரியும், ஆனால் குழாய் ஊதித் தர ஆள் இல்லை. கடைசியில் 1646-ல் ரூவான் நகரத்தில் பாஸ்கலும் பெத்தி என்பவரும் சேர்ந்து வெற்றிகரமாகச் செய்தார்கள். ரூவானில் நல்ல கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அதன் பிறகு பாஸ்கல் 46 அடி நீளக் குழாய்களைச் செய்யச் சொல்லி, தண்ணீரையும் ஒயினையும் ஊற்றி, ஊர் மக்கள் முன்னிலையிலேயே செய்து காட்டினார்.

அத்தோடு நிற்கவில்லை. மலை மேலே போனால் காற்றின் எடை குறைய வேண்டும், பாதரசமும் இறங்க வேண்டும் என்று பாஸ்கல் கணக்குப் போட்டார். தன் அக்காவின் கணவர் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி, பெரியே உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் துறவிகளையும் கூட்டிக்கொண்டு புய் தெ தோம் மலையில் ஏறினார். கீழே மடத்துத் தோட்டத்தில் ஒரு குழாயை வைத்து, அதை நாள் முழுக்கக் கவனிக்க ஒரு துறவியை உட்கார வைத்தார். மேலே போய் அளந்தால் பாதரசம் 3 அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. கீழே இருந்த குழாயில் மாற்றமே இல்லை. யார் யார் உடன் இருந்தார்கள், எத்தனை முறை அளந்தோம், எந்த இடத்தில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பெரியே எழுதி அனுப்ப, அது அதே ஆண்டில் அச்சில் வந்தது.

ஆடிட்டிங் படித்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. சாட்சி, தேதி, அளவு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவு. நம்பு என்று சொல்வதில்லை. சரிபார்த்துக்கொள் என்று கணக்குப் புத்தகத்தையே கையில் கொடுப்பது. 1660-ல் லண்டனில் தொடங்கிய ராயல் சொசைட்டி தன் குறிக்கோள் வாசகமாக எடுத்துக்கொண்டதும், யார் சொன்னாலும் அப்படியே ஏற்காதே என்ற பொருளுள்ள லத்தீன் சொற்களைத்தான்.

அந்த சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். ஜெர்மனியில் பிரெமன் நகரில் பிறந்து லண்டனில் குடியேறியவர். அவர் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஐரோப்பா முழுக்க அவருக்குக் கடிதம் வரும். வெளிநாட்டுக் கடிதங்களைத் தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து "கிரபென்டால்" என்ற பெயருக்கு வரவழைத்தார். அவை அரசுச் செயலகம் வழியாக வந்ததால் தபால் செலவு மிச்சம். பதிலுக்கு அந்தக் கடிதங்களில் வரும் அரசியல் செய்திகளை அரசுக்குச் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் ஹாலந்தோடு யுத்தம் நடந்தபோது, 1667-ல் சந்தேகத்தின் பேரில் லண்டன் கோபுரச் சிறையில் சுமார் இரண்டு மாதம் அடைத்துவிட்டார்கள். அறிவியலுக்குத் தபால் பார்த்த பாவத்துக்கு ஜெயில்!

இந்த ஓல்டன்பர்க்தான் 1665 மார்ச் 6-ஆம் தேதி "ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்" என்ற பத்திரிகையைத் தன் சொந்தப் பொறுப்பில், சொந்தக் காசில் ஆரம்பித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 5-ஆம் தேதி, பாரிஸில் "ஜூர்னால் தெ சாவான்" வந்துவிட்டது. ஓல்டன்பர்க்குக்குப் பத்திரிகையால் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. ஆனால் அவர் உருவாக்கிய ஏற்பாடு நிலைத்தது. கடிதம் என்றைக்கு வந்தது என்று தேதி பதிவாகும், அச்சில் வரும், உலகத்துக்கே தெரியும். இனி புதிர் போட வேண்டிய அவசியம் இல்லை. சொன்னால்தான் சொந்தம். மறைத்து வைப்பவனுக்கு ஒன்றும் கிடையாது, முதலில் சொல்பவனுக்கே பெயர். மனிதர்களை நல்லவர்களாக மாற்றாமலேயே, அவர்களுடைய சுயநலத்தை வைத்தே ரகசியங்களை வெளியே கொண்டுவந்த ஏற்பாடு இது. பொருளாதாரப் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

காகிதத்தில் வராத பாதி

இத்தோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைத்தால் தப்பு. விடையைச் சொல்வது ஒன்று, செய்முறையைக் கொடுப்பது இன்னொன்று.

ராபர்ட் பாயில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்வித்தார். 1659-ல் அதைச் செய்து கொடுத்தவர் ஹூக். அடுத்த ஆண்டே பாயில் அதைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். படம் உண்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் விளக்கம் உண்டு. எங்கே காற்று கசிந்தது, எந்தச் சோதனை சொதப்பியது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். படிப்பவருக்குத் தானே பக்கத்தில் நின்று பார்த்தது போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி எழுதியும் என்ன ஆனது? வெறும் புத்தகத்தைப் படித்துவிட்டு அந்தப் பம்பைச் செய்துவிட்டவர் யாரும் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஹாலந்தில் முதலில் செய்த ஹைகென்ஸ், 1661-ல் லண்டனுக்கு வந்து பம்பை நேரில் பார்த்துவிட்டுப் போனவர்.

கசியாமல் அடைக்க மெழுகை எவ்வளவு பூச வேண்டும், தோலை எவ்வளவு ஊறவைக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்த விஷயம். சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று போடுவார்களே, அது மாதிரி. பாயிலின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கை வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வேலை பார்த்த உதவியாளர்கள். ஹூக் மாதிரி ஓரிருவரைத் தவிர மற்றவர்களின் பெயர் புத்தகத்தில் இல்லை. இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்த அந்த வியாபாரி மாதிரியே காணாமல் போனார்கள். புதிய ஏற்பாடு பேனா பிடித்தவனுக்குக் கூலி கொடுத்தது, சுத்தியல் பிடித்தவனை மறந்துவிட்டது. இது அதன் பெரிய குறை.

ஜவுளிக்கடைக்காரரின் ரகசியம்

இன்னொரு குறை டெல்ஃப்ட் நகரத்தில் தெரிகிறது. அங்கே லீவன்ஹூக் என்று ஒரு ஜவுளி வியாபாரி. லத்தீன் தெரியாது, பல்கலைக்கழகம் பக்கமே போனதில்லை. 1673-ல் அதே ஊர் மருத்துவர் தெ கிராஃப் ஓல்டன்பர்க்குக்குக் கடிதம் எழுதி இவரை அறிமுகம் செய்தார். ஜவுளிக்கடைக்காரர் தன் தாய்மொழியான டச்சில் எழுதினார். ஓல்டன்பர்க் ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டார். பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் ஐரோப்பாவின் பெரிய அறிஞர் சபையோடு பேச முடிந்தது என்றால் அது அந்தத் தபால் ஏற்பாட்டின் பெருமை.

1676-ல் அவர் எழுதிய ஒரு கடிதம் எல்லோரையும் திகைக்க வைத்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்க்க மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தாராம். அந்தத் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி உயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்தினவாம். லண்டனில் நம்பவில்லை. லீவன்ஹூக் பாதிரியார்கள், நோட்டரி என்று எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ஹூக் லண்டனிலேயே மிளகுத் தண்ணீர் வைத்து, சபையோர் கண் முன்னால் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. 1680-ல் ஜவுளிக்கடைக்காரர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

ஆனால் மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். பார்த்ததை எல்லாம் சொல்வார், எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார். தன்னுடைய சிறந்த லென்ஸ்களைச் செய்யும் முறையையும், அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் கடைசிவரை வெளியிடவில்லை. ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டிவரும், பிறகு அதற்கே அடிமையாகிவிடுவேன் என்பது அவர் சொன்ன காரணம். 500-க்கும் மேற்பட்ட லென்ஸ்கள் செய்தவர் 1723-ல் இறந்தார். 26 வெள்ளி நுண்ணோக்கிகளை ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். பின்னாளில் அவையும் தொலைந்துவிட்டன. அவர் பார்த்த அந்தக் குட்டி உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி பிறகு நெடுங்காலம் பெரிதாக நகரவில்லை. நோய்க்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பாஸ்டரும் கோக்கும் நிலைநாட்ட 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்கு ஒரு ரகசியம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் விடை மட்டும் கைக்கு வந்து வழி கைக்கு வராவிட்டால், அடுத்தவர் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதில் கடைசியாக ஒரு வேடிக்கை. 2021-ல் ஹாலந்து ஆய்வாளர்கள், மிச்சம் இருக்கும் லீவன்ஹூக் நுண்ணோக்கிகளைப் பிரிக்காமலேயே நியூட்ரான் கதிர்களால் ஊடுருவிப் படம் எடுத்தார்கள். இருப்பதிலேயே சக்தி வாய்ந்த லென்ஸ் ஒரு சின்னக் கண்ணாடி மணி என்று தெரிந்தது. கண்ணாடி இழையைத் தீயில் உருக்கி மணியாக்கும் முறை. அந்த முறையை 1665-லேயே ஹூக் தன் "மைக்ரோகிராஃபியா" புத்தகத்தின் முன்னுரையில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தார்! 300 ஆண்டுகள் கட்டிக் காத்த ரகசியத்தின் வேர், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. சொன்னவரின் முறையை வாங்கி மேலே போனவர், தான் போன தூரத்தைப் பின்னால் வருபவருக்குச் சொல்லாமல் போய்விட்டார்.

இன்றைய கணக்கு

இது 350 ஆண்டு பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று எந்தக் கல்லூரி லேபுக்குள்ளும் போய்ப் பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அளவுகள். வர வேண்டிய விடை முதலில் தெரியும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை நிரப்பிவிடுவார்கள். காமர்ஸ் மட்டும் யோக்கியமா? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு 100 பேரிடம் கருத்துக் கேட்டதாக எழுதிவிட்டு, ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து 100 படிவத்தையும் நண்பர்களே நிரப்புவது ஊருக்கே தெரிந்த ரகசியம். மாணவர்கள் மட்டும் கெட்டவர்கள் என்று அர்த்தம் இல்லை. விடைக்கு மதிப்பெண் உண்டு. சோதனை ஏன் சொதப்பியது என்று நேர்மையாக எழுதினால் பூஜ்யம். ஏற்பாடு அப்படி இருந்தால் மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள். டெல் ஃபெர்ரோவும் அப்படித்தானே இருந்தார்?

பாயில் 1661-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், சோதனைகள் ஏன் தோற்கின்றன என்பதைப் பற்றியே இரண்டு கட்டுரைகள் உண்டு. சரக்கு கலப்படமாக இருந்ததா, கருவி மாறியதா என்று ஒவ்வொன்றாக எழுதி, தோல்வியையும் சொல்லுங்கள், அடுத்தவருக்கு உதவும் என்கிறார். அந்தக் கட்டுரைகளை எழுதிய பாயிலின் பெயரில் உள்ள விதியைச் சரிபார்க்கத்தான் இன்று லேபில் பொய் அளவு எழுதுகிறார்கள் என்பது காலத்தின் கோலம்.

தீர்வு ரொம்பப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டு நோட்டிலும், ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கலாம். என்ன தப்பாகப் போனது, யார் உதவி செய்தார்கள், அடுத்து வரும் ஜூனியர் எதில் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு 10 மதிப்பெண். லேப் உதவியாளரின் பெயரும் அதில் வரட்டும். 10 மதிப்பெண் கிடைக்கும் என்றால் நம்மவர்கள் உண்மையை எழுதாமல் விடமாட்டார்கள்!

1494-ல் ஒரு துறவி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். தனக்குத் தெரிந்த முறையை, பின்னால் வருபவன் பிடித்துக்கொண்டு நடக்கும்படி எழுதி வைத்தார். இரண்டு மதிப்பெண் கேள்வியில் அவர் பெயரை எழுதும்போது, கண்டுபிடித்தவர் என்று எழுதாமல் சொன்னவர் என்று எழுதினால் அதுவே அவருக்குச் சரியான மரியாதை.